வளையில் பதுங்கிய காமாலை

நெய்வேலி ஆர்ச் கேட்டில் பேருந்து என்னை இறக்கிவிட்டபோது காலை ஆறரை மணி. கார்த்திகை மாதம். இரவெல்லாம் பெய்த மழையில் சாலையோரச் செம்மண் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. நகரியத்துக்குள் நுழைந்ததும் அதே வரிசை மரங்கள், அதே நேர்கோட்டுச் சாலைகள். பலகைகளில் ‘வட்டம்’ என்று எழுதியிருக்கிறது. இங்கே வளர்ந்த நாங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எங்களுக்கு எல்லாமே ‘பிளாக்’தான். இந்த ஊரை விட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடந்தது. பின்பக்கத்துச் செம்பருத்தி வேலி போய்விட்டிருந்தது. அந்த வேலியைப் பார்க்கத்தான் முதலில் அங்கே போனேன்.

சின்ன வயதில், மழைக்காலம் வந்தால் அந்த வேலியோரம் பாம்பு வரும். அம்மா யாரிடமாவது சொல்லி அனுப்புவார். இரண்டொரு நாளில் நகரியத்துக்கு வெளியேயிருந்து ஒரு பெரியவர் வருவார். கையில் சின்னக் கடப்பாரை, தோளில் துணிப்பை. வந்ததும் பாம்பைத் தேட மாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைப் பார்ப்பார். வளை வாயில் சிலந்தி நூல் ஓடியிருக்கிறதா, விளிம்பு மண் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, பக்கத்தில் சட்டைத் துணுக்கு கிடக்கிறதா என்று பார்ப்பார். பிறகு “இது காலி தாயி” என்பார். இல்லையென்றால் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தோண்டுவார். அவர் காலி என்று சொன்ன வளையில் ஒருநாளும் பாம்பு இருந்ததில்லை. அம்மா அரிசியும் பழைய வேட்டியும் கொடுப்பார். நாங்கள் அவரைப் பாம்புத் தாத்தா என்போம். அவர் இருளர் பழங்குடியைச் சேர்ந்தவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கீழாநெல்லியை எனக்குக் காட்டியவர் அவர்தான். வேலியடியில் முளைத்திருந்த செடியைப் பிடுங்கி, கிளையைத் திருப்பிப் பிடித்தார். “மேல பாத்தா இலை, கீழ பாத்தா நெல்லி.” இலைகளுக்கு அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சை மணிகள் வரிசையாகத் தொங்கின. எடுத்துக்கொண்டுபோய் வகுப்பில் காட்டினேன்.

ஒரு வருடம் அவர் வந்தபோது கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். அம்மா பதறிப்போய்க் கேட்டார். “காமாலை தாயி. கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கிறேன், எறங்கிடும்” என்றார். அடுத்த மழைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த மழைக்கும் இல்லை. வேறொருவர் வந்தார். பாம்புத் தாத்தா என்ன ஆனார் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அவர் பெயர் தெரியாது.

சில வருடம் கழித்து என் சித்தப்பா இறந்தார். சுரங்கத்தில் வேலை. வயிறு வீங்கி, கால் வீங்கி, கடைசியில் ரத்தமாக வாந்தியெடுத்தார். ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் தொடாத மனிதர். ஆனாலும் எழவுக்கு வந்தவர்கள் “உள்ளுக்குள்ள குடிச்சிருப்பாரு” என்று காதோடு காதாகப் பேசினார்கள். மருத்துவர் சொன்னது வேறு. ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வகைக் கிருமி இருந்திருக்கிறது, எத்தனையோ வருடமாக இருந்திருக்கிறது, வீட்டில் எல்லாரும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பதினாறாம் நாள் காரியம் வந்தது, பிறகு சித்திக்கு வேலை வாங்கும் அலைச்சல் வந்தது. பரிசோதனைப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். வடலூரில் இருக்கும் என் தோழி கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். “முந்திரிக் காட்டுக்குள்ள ஒரு இருளர் குடியிருப்பு இருக்கு. அங்க ஒரு பொண்ணு இருக்கா, நீ அவளைப் பாக்கணும்” என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போகும் வழியில் சுரங்கத்தை எட்டிப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில் சக்கர வாளி இயந்திரம் மண்ணை வாரி வாரிப் பெல்ட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது. அதை அவர் அலட்சியமாக விட்டிருந்தால் இந்த ஊரே இல்லை. 1956இல் நிறுவனம் தொடங்கியது; 1957 மே மாதம் நேரு வந்து தோண்டும் வேலையைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருப்பதால் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கம் குளமாகிவிடும் என்று அப்பா சொல்வார்.

வடலூரில் தோழி பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். முதலில் தருமச்சாலைக்குப் போனோம். 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. காலைக் கஞ்சிக்கு வரிசை. பக்கத்துக் கடைகளில் கரிசலாங்கண்ணிப் பொடி, தூதுவளைப் பொடி, முசுமுசுக்கைப் பொடி. வள்ளலார் தினமும் எடுத்துக்கொள்ளச் சொன்ன மூலிகைகள் இவை. கரிசலாங்கண்ணி காமாலைக்கும் பேர்போன கீரை. ஈரலுக்கு என்றால் தமிழர் கை முதலில் பச்சிலைக்குத்தான் போகும். பாம்புத் தாத்தா செய்ததும் அதைத்தான்.

அந்தப் பச்சிலையை அறிவியலும் கூப்பிட்டு விசாரித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜனும் உடனிருந்தவர்களும், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் கொடுத்துப் பார்த்தார்கள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 1988இல் லான்செட் இதழில் வந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர், இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பர்க். நம் வேலியோரச் செடிக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க முடியாது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. கிருமியை விரட்டும் மருந்தாகக் கீழாநெல்லி நிலைக்கவில்லை.

அப்படியானால் கீழாநெல்லி குடித்து இத்தனை பேருக்குக் காமாலை இறங்கியதே, அது எப்படி? இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். காமாலை என்பது நோயின் பெயர் இல்லை, அடையாளம். கெட்ட தண்ணீரிலும் உணவிலும் வரும் ஏ வகை, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் தானே வடிந்துவிடும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் போகும். பி, சி வகைகள் வேறு. அவை ரத்தத்தின் வழியே வருபவை. பி வகை குழந்தையாக இருக்கும்போதே தொற்றினால் பெரும்பாலும் கண்கூட மஞ்சளாகாது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் உடலில் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பெரியவர்களானபின் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேரிடம்தான் தங்கும். தங்கியது இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கும். பாம்புத் தாத்தாவின் கண்ணில் தெரிந்த மஞ்சள் எந்த வகையோ. என் சித்தப்பாவுக்குக் கடைசி வருடம் வரை கண் பளிச்சென்றுதான் இருந்தது.

நமக்குக் காமாலை என்றால் மஞ்சள். மஞ்சள் தெரியாத காமாலைக்கு நம்மிடம் சொல் இல்லை. சொல் இல்லாததால்தான் அது நம்மைக் கேட்காமல் வளர்கிறது என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன். அந்தச் சொல் அன்று மத்தியானமே எனக்குக் கிடைத்தது.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை. இரண்டு பக்கமும் முந்திரி. மரங்கள் தரையோடு படர்ந்து கிடப்பதால் நடுப்பகலிலும் அடியில் இருட்டு. பாதை முடியும் இடத்தில் பதினைந்து, இருபது வீடு இருக்கும். பாதி தொகுப்பு வீடுகள், கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது; மீதி பனையோலைக் குடிசை, மேலே நீலத் தார்ப்பாய். முந்திரிக் காவல், சவுக்கு வெட்டு, தைலமரம் வெட்டு என்று கிடைக்கும் வேலைக்குப் போகிறார்கள். பொங்கல் கழிந்ததும் பாதிக் குடும்பம் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். எட்டாவது வரை படித்தவர். தன் பெயரையோ ஊரின் பெயரையோ எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். “எங்க சனத்துக்குத்தான் இந்த நோவுன்னு பேசிடுவாங்கக்கா. அப்புறம் முந்திரி பொறுக்கக்கூட கூப்புட மாட்டாங்க.”

அவர் பயம் நியாயமானது. இந்தியாவில் பி வகை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வந்த கணக்கில், பழங்குடியினரிடம் நூற்றுக்கு 15.9 பேர், மற்றவர்களிடம் 2.4 பேர் என்று இருக்கிறது. அந்தமானில் ஜாரவா மக்களிடம் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டோரிடம் இருந்தது. நிக்கோபாரிகளிடம் ஐந்தில் ஒருவருக்கு மேல். படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. ஆனால் ஒரு தீவில் எடுத்த கணக்கைக் கொண்டுவந்து கடலூர் மாவட்டத்து இருளர் தலையில் ஏற்றுவது பெரிய பாவம். ஒவ்வொரு கூட்டமும் தனி. ஒதுங்கி வாழ்வது, சின்னக் கூட்டத்துக்குள்ளேயே திருமணம், வீட்டுப் பிரசவம், பகிர்ந்துகொள்ளும் சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி, சரியாகக் காய்ச்சாத ஊசி போட்ட போலி வைத்தியர் என்று கிருமி நிலைப்பதற்குக் காரணங்கள் பல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் பி வகையைச் சுமந்தவர்கள் 2.98 கோடி பேர். அதில் நகரியத்து குவார்ட்டர்ஸில் பிறந்தவர்களும் உண்டு.

தன் மக்களைப் பரிசோதனைக்கு அழைத்துப்போகும் இந்த வேலைக்கு அந்தப் பெண் எப்படி வந்தார் என்று கேட்டேன். தம்பியால்தான் என்றார். குடலிறக்க ஆபரேஷனுக்குப் போன இடத்தில் ரத்தம் பார்த்திருக்கிறார்கள். ‘பி பாசிட்டிவ்’ என்று சொன்னதை, ரத்த வகை போலிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருக்கிறார் தம்பி. ஒரு வருடம் கழித்து வேறொரு செவிலியர் சீட்டைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் வேறு துன்பம். தம்பிக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. தம்பியின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

“நான் டாக்டர்கிட்ட போயி நின்னேன்கா. ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டுமா? ஒட்டாது. கட்டிப் புடிச்சா? ஒட்டாது. கொசு கடிச்சா? ஒட்டாது. அப்ப என்னாதான் ஒட்டும்னு கேட்டேன். ரத்தம், படுக்கை, பெத்த நேரத்துல தாயிகிட்டேருந்து புள்ளைக்குன்னாரு. நேரா வீட்டுக்கு வந்தேன். எல்லார் கண்ணு முன்னாலயும் அவன் தட்டுல உக்காந்து சாப்பிட்டேன்.”

பிறகு தம்பி மனைவியைப் போய் அழைத்துவந்து ரத்தம் பார்க்கவைத்தார். ஒன்றும் இல்லை. மூன்று தடுப்பூசியும் போட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு வீடாக. நகரியத்தில் படித்தவர்கள் நிறைந்த எங்கள் வீடு செய்யத் தவறிய காரியத்தை, இந்தப் பெண் ஒரு குடியிருப்பு முழுக்கச் செய்து முடித்திருக்கிறார்.

இதை எப்படி அவர்களுக்குப் புரியவைத்தார் என்பதுதான் எனக்கு வியப்பு. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, மஞ்சள் இல்லை. கூலியை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்க எதற்கு வர வேண்டும்? நான் கேட்டதும் எழுந்து குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போனார். வரப்பில் ஒரு வளை.

“இதுல பாம்பு இருக்குதா அக்கா?”

குனிந்து பார்த்தேன். எப்படிச் சொல்வது?

“வாலு தெரியல, தலை தெரியல. அதனால இல்லைன்னுடலாமா? உள்ள இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது. நாங்க மண்ணைப் பாத்துத்தான் சொல்லுவோம். இந்தக் காமாலையும் அப்படித்தான், வளைக்காமாலை. ஆளைப் பாத்துச் சொல்ல முடியாது. ரத்தத்தைப் பாத்துத்தான் சொல்லணும். அப்படித்தான் எங்க சனத்துக்குச் சொன்னேன். ஒரு ஆளு மறுப்பு சொல்லல.”

வளைக்காமாலை! நான் அந்த வளையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பாம்புத் தாத்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்த அதே விதமான மண்.

எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சொல் செய்யும் வேலை சாதாரணமில்லை. ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் தொல்குடி மக்களிடையே வேலை செய்தவர்கள் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் சொன்னது போய்ச் சேரவில்லை. யோல்ங்கு மக்களுடன் உட்கார்ந்து, அவர்கள் பேசும் மொழியிலேயே பி வகையின் கதையைப் படமும் குரலுமாகக் கைப்பேசிச் செயலியாக 2014இல் உருவாக்கினார்கள். பிறகு வேறு பல தொல்குடி மொழிகளிலும் வந்தது. அந்தந்த ஊர்த் தொல்குடிச் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, யாருக்குத் தொற்று இருக்கிறது, யாருக்குத் தடுப்பூசி வேண்டும், யாருக்கு மாத்திரை வேண்டும் என்று ஊர் ஊராகப் பட்டியல் எடுத்தார்கள். கண்டறிவதிலும் தொடர்ந்து கவனிப்பதிலும் சிகிச்சையிலும் நாட்டின் இலக்குகளையே தாண்டிப் போனார்கள்.

நம் மண்ணிலும் இந்த வழி புதிதில்லை. கூடலூரில் ஆதிவாசிப் பெண்களே ஊர் ஊராகச் சுகாதாரப் பணி பார்த்து, 1990இல் தங்களுக்கென்று மருத்துவமனை கண்டார்கள். தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் தொடங்கி, மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஒரு மருத்துவமனையை எழுப்பினார்கள். இருளர்களுக்குச் சாதிச் சான்று, வீட்டு மனை, காவல் நிலையக் கொடுமை என்று போராட, திண்டிவனத்திலிருந்து பேராசிரியர் பிரபா கல்விமணியின் முயற்சியில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. சான்றுக்கும் ஈரலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். குடும்ப அட்டை இல்லாதவர், விலாசம் இல்லாதவர், சீட்டு எழுதும் இடத்தில் பெயர் சொல்லவே கூசி நிற்பவர், மாதாமாதம் மாத்திரை வாங்க எப்படிப் போவார்?

மாத்திரை இருக்கிறது, இலவசமாகவும் இருக்கிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி வகைக்கு டெனோஃபோவிர் கொடுக்கிறார்கள். தொற்று உள்ள எல்லாருக்கும் தேவைப்படாது. ஈரலின் நிலையும் கிருமியின் அளவும் பார்த்து முடிவு செய்வார்கள், மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொண்டால் போதும். சி வகையைப் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் முழுக்கத் தீர்த்துவிடலாம். பி வகையை அடக்கி வைக்கத்தான் முடியும், அதனால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மாத்திரை. நடுவில் சொல்லாமல் நிறுத்தினால் அடங்கிக் கிடந்தது சீறி எழும்.

அவர் தம்பி ஆறு மாதம் சூளையில் இருப்பவர். முன்பணம் வாங்கியிருப்பதால் மாதம் ஒருநாள் ஊருக்கு வர முடியாது. இதற்கு அக்கா கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். மருத்துவமனையில் முப்பது மாத்திரை டப்பாவைத் தம்பி பேரில் இவரே வாங்குகிறார். அதை ஒரு பழைய துணியில் சுற்றி, செங்கல் ஏற்றப் போகும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறார். டப்பாவோடு ஒரு பாக்கெட் வெற்றிலைப் பாக்கும் இருக்கும், டிரைவருக்கு. காலி டப்பா திரும்பி வந்தால்தான் அடுத்த டப்பா போகும். அந்தக் காலி டப்பாக்களைக் கூரைச் சாய்ப்பில் வரிசையாகச் செருகி வைத்திருந்தார். பதினொன்று எண்ணினேன்.

அதே சாய்ப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை உருவினார். உள்ளே தாய் சேய் நல அட்டைகள். அந்தக் குடியிருப்பில் கர்ப்பமாக இருக்கும் எல்லாப் பெண்களின் அட்டையும் இவர் கூரையில்தான். மழையில் நனையாத கூரை அங்கே இது ஒன்றுதான். ஒவ்வொரு அட்டையின் மேலும் அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண், பேனாவால் ஒரு பிறை. பிரசவம் எந்த அமாவாசையை ஒட்டி வரும் என்பதற்கு அடையாளமாம்.

“புள்ள பொறந்து ஒரு நாளுக்குள்ள ஊசி போடணும். அந்த ஒரு நாளு தப்புனா வளையைத் தொறந்து வச்ச மாதிரி” என்றார்.

தடுப்பூசியின் சூட்சுமமே அந்த இருபத்துநான்கு மணி நேரத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடப்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகக் கிடைத்துவிடுகிறது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி இந்தியாவில் முதன்முதலாக வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். அதில் பி வகையும் சேர்த்தி. தப்பிப் போகும் சில பிரசவங்கள் சூளைக் கொட்டகையிலும் கரும்புக் காட்டிலும் நடப்பவை. அவருடைய மூத்த பிள்ளையே சூளையில் பிறந்தவன்தான். ஆகவே வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவள் எட்டாம் மாதத்துக்குப் பின் சூளைக்குப் போகக் கூடாது என்பது அங்கே இப்போது எழுதாத சட்டம். முன்பணம் கொடுத்தவரிடம் பேச இவரே போகிறார். போய் என்ன பேசினார், என்ன கேட்டுக்கொண்டார் என்பதை என்னிடம் சொல்லவில்லை.

மத்தியானம் கம்பங்கூழ் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே, இந்தத் தடுப்பூசி எங்கிருந்து வந்தது என்று அவரிடம் சொன்னேன். அமெரிக்காவில் பிளம்பர்க் உலகம் முழுக்க ரத்தம் சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1963இல் ஒரு புதிய பொருள் அகப்பட்டது. அது இருந்தது ஆஸ்திரேலியத் தொல்குடி மனிதர் ஒருவரின் ரத்தத்தில். அதனால் அதற்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்று பெயர். அது பி வகைக் கிருமியின் மேலுறை என்று பின்னால் தெரிந்தது. அதை வைத்தே பரிசோதனை வந்தது, தடுப்பூசி வந்தது, 1976இல் நோபலும் வந்தது. பிளம்பர்க் பிறந்த ஜூலை 28தான் இன்று உலக ஹெபடைடிஸ் நாள்.

கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார். “ரத்தம் குடுத்த ஆளு பேரு என்னாக்கா?”

நான் படித்த எதிலும் அந்தப் பெயர் இல்லை என்றேன்.

“எழுதலையா?”

தோழிதான் பேச்சை மாற்றினார். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே இருளர்கள் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் பெருமளவு பாம்புக்கடி முறிமருந்து செய்கிறார்கள். நாடு முழுக்க எத்தனை உயிர் அதனால் பிழைத்திருக்கிறது. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். “அவங்க பேரு எழுதிட்டாங்க இல்ல?” என்று கேட்டு அந்தப் பெண் லேசாகச் சிரித்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. என் வீட்டுக் கொல்லையில் எத்தனை மழைக்காலம் உட்கார்ந்து எங்கள் காலைக் காத்தவர் பாம்புத் தாத்தா! பிள்ளையாக இருந்தபோது பெயர் கேட்கத் தெரியவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும்கூடத் தெரியவில்லை என்பதுதான் இத்தனை வயதில் உறைக்கிறது.

சாயங்காலம் கிளம்பும்போது சித்தப்பாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். சித்தப்பாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அப்பா இருக்கிறாரா, பாட்டி எப்படி இறந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடப்பாரையும் பையுமாக ஒருவர் மண்ணைப் பார்ப்பதுபோல் இருந்தது. கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க பாத்தாச்சாக்கா?”

இல்லை என்றேன்.

“பசங்க?”

இல்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாளைக்கு இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், நீங்களும் வந்துவிடுங்கள், எட்டு மணி பஸ் என்றார்.

இரவு நெய்வேலியில் உறவினர் வீட்டில் தங்கினேன். மழை பெய்துகொண்டே இருந்தது. அனல்மின் நிலையத்தின் இரைச்சல், சின்ன வயதில் என்னைத் தூங்கவைத்த அதே இரைச்சல், அன்று தூங்கவிடவில்லை. மகனுக்கும் மகளுக்கும் போன் செய்து சொன்னேன். இத்தனை வருடம் ஏன்மா சொல்லவில்லை என்று மகள் கேட்டாள்.

தாலுகா அரசு மருத்துவமனையில் காலை ஒன்பதுக்கே கூட்டம். அந்தப் பெண்ணோடு கர்ப்பிணி ஒருத்தி, வயதானவர் ஒருவர். வயதானவர் ஈரச் சட்டையைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். உட்காருங்கள் தாத்தா என்று நான் நகர்ந்து இடம் விட்டேன். உட்கார்ந்தார். அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். என் பெயரையும் கேட்டுக்கொண்டார்.

முதலில் அந்தப் பெரியவர், அப்புறம் அந்தக் கர்ப்பிணி, மூன்றாவது நான். ஆய்வகத்தில் என் முழங்கைக்கு மேலே ரப்பர் குழாயைக் கட்டினார்கள். நரம்பு சட்டென்று அகப்படவில்லை. எங்களைக் கூட்டிவந்த அந்தப் பெண் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று, மறு கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்க முந்திரிப் பால் பட்டுக் கறுத்த தடம்.

“அந்தப் பக்கம் பாருங்கக்கா” என்றார்.